ஸ்ரீரங்கத்தில் பழைய ஃபிளாட்: காசு எதற்குப் போகிறது?

மாமாவுக்கு ரிட்டயர்மென்ட் பணம் வந்திருந்தது. அம்மா மண்டபம் ரோடு பக்கம் 28 வருஷப் பழைய ஃபிளாட், 800 சதுர அடி, 32 லட்சம். "மாசம் பத்தாயிரம் வாடகை வரும்டா, பெருமாள் பக்கத்துல ஒரு சொத்து. பேப்பரைப் பாத்துச் சொல்லு" என்றார்.

முதலில் கணக்கு. வருஷ வாடகை 1,20,000. மெயின்டனன்ஸ், சொத்து வரி, வெள்ளையடிப்பு, ஆள் மாறும்போது ஒரு மாதம் காலி எல்லாம் போனால் கையில் நிற்பது 80,000 இருக்கலாம். முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2 சதவீதம் சேர்த்தால் முதலீடு கிட்டத்தட்ட 35 லட்சம். வருமானம் 2.3 சதவீதம்தான். பேங்க் டெபாசிட்டே மேல்.

அப்போ லாபம் மண்ணிலிருந்துதான் வரணும். பத்திரத்தில் 'பிரிபடாத பாகம்' 320 சதுர அடி. அந்தத் தெருவில் மனை 6,000 என்று புரோக்கரே சொன்னார். ஆக நிலம் 19.2 லட்சம். மீதி 12.8 லட்சம் 28 வருஷக் கான்கிரீட்டுக்கு! ஜப்பானில் கான்கிரீட் குடியிருப்புக்கு வரிக்கணக்கில் ஆயுள் 47 வருஷம். 1981 ஜூனில் வந்த நிலநடுக்க விதிக்கு முந்தைய கட்டடமா என்றுதான் அங்கே முதலில் கேட்பார்கள். நாம் டைல்ஸைப் பார்க்கிறோம்.

நிலத்தின் விலை கைக்கு வர, ஒன்று விற்கணும், இல்லை இடித்துக் கட்டணும். தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம், 2022 (நடைமுறைக்கு வந்தது 2024 மார்ச்சில்) மறுகட்டுமானத்துக்கு மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர் சம்மதம் போதும் என்கிறது. பன்னிரண்டு வீட்டில் எட்டு. இங்கே மூன்று பேர் அமெரிக்காவில், ஒரு வீட்டில் அண்ணன் தம்பி வழக்கு. அசோசியேஷன் ஃபண்டோ, மோட்டார் ரிப்பேருக்கே பத்தாது.

இனிமேல் சொல்வது ஸ்ரீரங்கத்துக்கே உரிய தலைவலி: அடிமனை. மேலே கட்டடம் குடியிருப்பவருடையது, கீழே மண் கோயிலுடையது என்ற தகராறு ஊரில் பல வருஷமாக இருக்கிறது. பதிவுச் சட்டம் 22-ஏ பிரிவின்படி, அறநிலையத்துறை அனுமதி இல்லாமல் கோயில் நிலத்துப் பத்திரத்தைச் சார்பதிவாளர் பதியமாட்டார். வில்லங்கச் சான்று சுத்தமாக இருக்கிறதே என்று நிம்மதியாகிவிடாதீர்கள். பதிவான பரிமாற்றங்களை மட்டும்தான் அது காட்டும். மண் யாருடையது என்று தீர்ப்புச் சொல்லாது. டவுன் சர்வே எண்ணை எடுத்துக்கொண்டு சார்பதிவாளர் அலுவலகத்தில் கேளுங்கள். அந்த எண்ணுக்கு வழிகாட்டி மதிப்பு 'ஜீரோ' என்று இருந்தால் அட்வான்ஸே கொடுக்காதீர்கள். முன்பு ஒருமுறை பதிவாகியிருக்கலாம். நீங்கள் விற்கப்போகும் நாளில் ஆகாது.

மாமாவிடம் மூலப்பத்திரத்தில் சர்வே எண் என்ன என்று கேட்டேன். அவர் விற்பவரிடம் கேட்டார். "எல்லாம் கிளியர் சார், நாளைக்கு இன்னொரு பார்ட்டி வர்றாங்க" என்று பதில் வந்தது. எண் வரவில்லை. மாமா இப்போதைக்குப் பணத்தை டெபாசிட்டில் போட்டிருக்கிறார். வாரம் ஒரு தரம் அந்த பில்டிங் வழியாகத்தான் காவேரிக்குக் குளிக்கப் போகிறார்.