காந்த நாடாவும் கணினி எண்களும்

இசைப் பிரியர்கள் நான்கு பேர் கூடினால் ஒரு வாக்குவாதம் தவறாமல் எழும். “இசைத்தட்டில் கேட்ட சுகம் இந்தக் கைப்பேசிப் பாட்டில் வருமா?” என்பார் ஒருவர். “அந்தக் கரகரப்பைப் போய் சுகம் என்கிறீர்களே!” என்பார் மற்றவர். இருவர் பேச்சிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால், அனலாக், டிஜிட்டல் முறைகளுக்கு இடையே உள்ள பெரிய வேறுபாடு வேறோர் இடத்தில் இருக்கிறது.

டிஜிட்டலை நாம் ‘இலக்கவியல்’ என்கிறோம். சிங்கப்பூரில் ‘மின்னிலக்கம்’ என்பார்கள். அனலாக் என்பதற்கு ‘ஒப்புமை’ என்பதே பொருத்தமான பொருள். பாடகரின் குரல் காற்றில் எழுப்பும் அலை எப்படி ஏறி இறங்குகிறதோ, அதற்கு ஒப்பாக இசைத்தட்டின் பள்ளமும் வளைந்து நெளிகிறது. ஒலிநாடாவில் அதே அலை காந்தத்தின் ஏற்ற இறக்கமாகப் பதிகிறது. 1963-இல் பிலிப்ஸ் நிறுவனம் அறிமுகப்படுத்திய கேசட்டின் நாடா 4 மில்லிமீட்டர் அகலம்கூட இல்லை. அதற்குள் இரு பக்கங்களுக்கும் சேர்த்து நான்கு தடங்கள். ஓடும் வேகமோ விநாடிக்கு 4.76 சென்டிமீட்டர். பின்னணியில் ‘உஸ்’ என்ற இரைச்சல் கேட்பதில் வியப்பில்லை.

1982-இல் விற்பனைக்கு வந்த குறுந்தட்டு வேறு வழியில் செல்கிறது. விநாடிக்கு 44,100 முறை அலையின் உயரத்தை அளந்து, ஒவ்வோர் அளவையும் 65,536 படிநிலைகளில் ஒன்றாக எழுதி வைக்கிறது. இதை விளக்கும் நூல்கள் பலவும் அலையைப் படிக்கட்டு போல வரைந்து காட்டுகின்றன. பாதிக் குழப்பத்துக்கு அந்தப் படம்தான் காரணம் என்பேன். அளவுகளுக்கு இடையில் இசை தொலைந்துபோகிறது என்று பலரும் நம்பிவிட்டார்கள். உண்மையில், ஓர் அலையின் அதிர்வெண்ணைப்போல் இரு மடங்குக்கு மேல் அளந்தால் அந்த அலையை வழவழப்பாகவே திரும்பப் பெறலாம் என்பது நைக்குவிஸ்ட், ஷானன் ஆகியோரின் ஆய்வுகளால் நிறுவப்பட்ட கணிதம். மனிதக் காது ஏறக்குறைய 20,000 ஹெர்ட்ஸ் வரைதான் கேட்கும். ஆகவே 44,100 போதும்.

அப்படியானால் ‘டிஜிட்டல் பாட்டில் உயிரில்லை’ என்ற குறை எங்கிருந்து வந்தது? பெரும்பாலும் எம்பி3-இலிருந்து. நாம் ஒரு காலத்தில் பகிர்ந்துகொண்ட 128 கிலோபிட் கோப்பில் குறுந்தட்டின் தகவலில் ஏறக்குறைய பதினொன்றில் ஒரு பங்குதான் மிஞ்சும். போதாக்குறைக்கு, பாட்டு முழுவதையும் ஒரே உரத்த அளவில் நசுக்கி வெளியிடும் பழக்கமும் பரவியது. இரண்டுமே மனிதர் செய்த தேர்வுகள், எண்களின் குற்றமல்ல.

இசையை உருவாக்கும் விதமும் மாறியது. நாடாக் காலத்தில் வாத்தியக்காரர்கள் ஒன்றாக அமர்ந்து வாசிக்க, ஒருவர் தவறினாலும் எல்லாரும் மீண்டும் தொடங்க வேண்டியிருக்கும். கணினியில் தவறிய இடத்தை மட்டும் வெட்டி ஒட்டலாம். 1980-இல் ‘நிழல்கள்’ படத்துக்காக இளையராஜா இசையமைத்த ‘மடை திறந்து’ பாடலை, 2006-இல் நம் யோகி பி & நட்சத்ரா குழுவினர் ‘வல்லவன்’ தொகுப்பில் ராப் பாடலாக மறு ஆக்கம் செய்தார்கள். பெரிய கலையகமும் பெரிய வாத்தியக் குழுவும் இல்லாத நம் கலைஞர்களுக்குக் கணினி ஒரு வரப்பிரசாதம்தான்.

இப்போது அந்தப் பெரிய வேறுபாட்டுக்கு வருவோம். கேசட்டிலிருந்து கேசட்டுக்குப் படி எடுத்தால் ஒவ்வொரு முறையும் இரைச்சல் கூடும். மேல் சுரங்கள் மங்கும். கோப்பை ஆயிரம் முறை நகலெடுத்தாலும் ஓர் எண்கூட மாறாது. ஆனால் கெடும்போது கதை தலைகீழ். பூஞ்சை பிடித்த நாடாவிலும் ஏதோ ஒரு குரல் மங்கலாகக் கேட்கும். பழுதான வன்தட்டு பெரும்பாலும் ஒன்றையும் தராது.

நம் வீடுகளில் கடைகளில் வாங்கிய சினிமாப் பாட்டுக் கேசட்டுகள் மட்டுமா இருக்கின்றன? தோட்டத்துக் கோயில் திருவிழாவில் பதிந்த பஜனை, பாட்டியின் தாலாட்டு, யாரோ ஒரு தாத்தாவின் தப்பாட்டம் எல்லாம் ஒரே ஒரு படியாக அலமாரியில் கிடக்கின்றன. நம் நாட்டுப் புழுக்கம் நாடாவுக்குப் பகை. நல்ல நிலையில் ஓடும் கேசட் இயந்திரங்களும் அருகி வருகின்றன.

மாற்றுவது கடினமன்று. முதலில் கேசட்டின் மேல்விளிம்பில் உள்ள இரு சிறு பட்டைகளை உடைத்துவிடுங்கள், தவறுதலாக அழியாது. இயந்திரத்தின் தலைப்பகுதியை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடையுங்கள். நாடாவை ஒருமுறை முன்னும் பின்னும் முழுதாகச் சுற்றிய பிறகு ஓடவிடுங்கள். கணினியில் ஒடாசிட்டி போன்ற இலவச மென்பொருளே போதும். பதியும் அளவு உச்சத்தைத் தொடக்கூடாது. நாடா அதைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும், எண்கள் பொறுக்கமாட்டா, ஒலி உடைந்துவிடும். வேவ் கோப்பாகச் சேமித்து, இரண்டு வெவ்வேறு இடங்களில் வையுங்கள். குடும்பப் புலனக் குழுவுக்கு எம்பி3 போதும். இரைச்சலை நீக்கும் ஆசையை நகலில் மட்டும் தீர்த்துக்கொள்ளுங்கள். கேசட்டையும் வீசிவிடாதீர்கள்.

உறையில் எழுதியிருப்பதைப் படம் பிடித்துக் கோப்போடு வையுங்கள். உறையில் ஒன்றுமே எழுதவில்லை என்றால், பாடியது யார், எந்தத் தோட்டம், எந்த ஆண்டு என்று தெரிந்த பெரியவர்களுக்கு ஒருமுறை போட்டுக் காட்டி, அவர்கள் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்ளுங்கள்.