முதல் பாடம் யாருக்கு?

நம் கிளையின் மூத்த தோழர் ஒருவர், கொத்தனார் வேலை பார்ப்பவர், ஓரிரவு என் வீட்டுக் கதவைத் தட்டினார். கையிலே சுவரொட்டி இல்லை, வசூல் புத்தகம் இல்லை. முகத்திலே கவலை மட்டும் இருந்தது.

"தம்பி, நாளைக் காலையிலே என் மகள் முதன்முதலா வகுப்பெடுக்கப் போறா. பி.எட். படிக்கிறாளே, பயிற்சிக்குப் பள்ளிக்கூடம் போட்டிருக்காங்க. சாயங்காலத்திலிருந்து சோறு இறங்கலை அவளுக்கு. ஆயிரம் பேருக்கு முன்னாலே நடுங்காமப் பேசுறவன் நீ. வந்து நாலு வார்த்தை தைரியம் சொல்லு."

"வாங்க அண்ணே" என்று கிளம்பினேன். பள்ளிப் படிப்போடு நின்றவன் நான். கல்லூரிக்குப் போன பெண்ணுக்கு நான் கற்றுத் தருவதா என்ற கூச்சம் ஒரு பக்கம். மேடை நமக்குத் தெரியும் என்ற மிதப்பு மறு பக்கம்.

வழியெல்லாம் என் முதல் கூட்டம் நினைவுக்கு வந்தது. மூன்று நாள் மனப்பாடம் செய்த பேச்சு! "தலைவர் அவர்களே" என்று தொடங்கினேன். அடுத்த சொல் வரவில்லை. முன் வரிசையில் ஒருவர் சிரித்தார், எனக்கு ஊரே சிரித்ததுபோல் இருந்தது. பேச்சைத் தயாரித்தவன், கேட்க வருகிறவரை நினைத்துப் பார்க்கவில்லை. அதுதான் நான் செய்த பிழை.

அண்ணன் வீட்டிலே அந்தப் பெண் தாள்களின் நடுவே உட்கார்ந்திருந்தாள். வண்ண அட்டையிலே வட்டங்கள் வரைந்து பங்கு பிரித்திருந்தாள். ஆறாம் வகுப்புக் கணக்கு, பின்னம். "பாருங்க சித்தப்பா" என்று பாடக்குறிப்பை நீட்டினாள். நோக்கம், ஆசிரியர் செயல், மாணவர் செயல், மதிப்பீடு என்று கட்டம் கட்டி, 45 நிமிடத்தையும் துண்டு துண்டாக அளந்து எழுதியிருந்தாள். கையெழுத்து முத்து முத்தாக இருந்தது.

மாணவர் செயல் என்ற கட்டத்திலே என் கண் நின்றது. மேலிருந்து கீழ்வரை ஒரே வாசகம்: "மாணவர்கள் சரியாக விடையளிப்பர்."

"சரியாகச் சொல்லாவிட்டால் என்னம்மா செய்வாய்?" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள், தந்தையைப் பார்த்தாள், குறிப்பைப் பார்த்தாள். அதற்குக் கட்டமே இல்லை!

பக்கத்து வீட்டுச் சிறுவனை அழைத்தோம். அவனும் ஆறாம் வகுப்பு. "மூன்றில் ஒரு பங்கு பெரியதா, நான்கில் ஒரு பங்கு பெரியதா?" என்று கேட்டாள். பையன் நிமிர்ந்து சொன்னான்: "நான்கில் ஒண்ணுதான் அக்கா. மூணை விட நாலு பெரிசாச்சே!"

"தவறு" என்றாள், அடுத்த கேள்விக்குப் போனாள். அவ்வளவுதான்! பையன் தலை கவிழ்ந்தது. அதன்பின் அவன் வாய் திறக்கவில்லை.

அண்ணன் பொறுக்காமல் குறுக்கே வந்தார். "டேய், ஒரு தோசை இருக்கு. மூணு பேருக்குப் பிய்க்கணுமா, நாலு பேருக்குப் பிய்க்கணுமா? உனக்கு எதிலே அதிகம் கிடைக்கும்?"

"மூணு பேருன்னாத்தான் அதிகம்" என்றான் பையன். ஒரு கணம் விழித்தான். "அப்போ மூணிலே ஒண்ணுதான் பெரிசு!" என்று கத்தினான்.

தோழர்களே, அந்தப் பையன் மூடனா? இல்லை. நாலு மூன்றை விடப் பெரியது என்று இத்தனை ஆண்டு நாம் சொல்லிக் கொடுத்ததைத்தான் நம்பிச் சொன்னான். தவறான விடைக்குள்ளே ஒரு நியாயம் இருக்கிறது. அந்த நியாயத்தைக் கண்டுபிடிக்காமல் "தவறு" என்று சொல்லி நகர்ந்தால், விடையோடு பிள்ளையையும் தள்ளிவிட்டுப் போகிறோம் என்று பொருள்.

தைரியம் சொல்லப் போன நான் இதை மட்டும் சொன்னேன்: "அம்மா, எந்தத் தவறு வரும் என்று நான்கை எழுதிக்கொள். ஒவ்வொன்றுக்கும் எதிரே, ஏன் அப்படி நினைக்கிறது பிள்ளை என்று எழுது. கேள்வி கேட்டால் காத்திரு."

காத்திரு என்றது மேடைப் பழக்கத்திலே. ஆனால் அதற்கு ஆராய்ச்சியே உண்டு என்று அவள் தன் பாடநூலைப் புரட்டிச் சொன்னாள். மேரி பட் ரோ என்ற அமெரிக்க அம்மையார் 1970களில் வெளியிட்ட ஆய்வு அது. கேள்வி கேட்ட ஆசிரியர்கள் விடைக்காகக் காத்திருந்தது சராசரியாக ஒரே நொடி! மூன்று நொடி காத்திருக்கப் பழகியதும் பிள்ளைகளின் விடை நீண்டது, வாய் திறக்காத பிள்ளைகளும் பேசினார்கள். மூன்று நொடி! காசு பணம் கேட்காத சீர்திருத்தம்.

கல்லூரியிலே பயிற்சி தரவில்லையா? தருகிறார்கள். நுண்ணிலைக் கற்பித்தல் என்று அதற்குப் பெயர். 1960களின் தொடக்கத்திலே அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் உருவான முறை. ஒரே ஒரு திறன், ஐந்தாறு நிமிடம், நாலைந்து பேர் கொண்ட சிறு வகுப்பு. நடத்து, குறை கேள், திருத்து, மறுபடி நடத்து. "சித்தாளை முகப்புச் சுவரிலே பூசவிட மாட்டோம், பின்பக்கச் சுவரிலே பூசிப் பழகச் சொல்லுவோம், அது மாதிரி" என்றார் அண்ணன். அதேதான்! ஆனால் அங்கே பிள்ளைகளாக உட்காருவது கூடப் படிக்கும் தோழிகள். தோழிக்குச் சங்கடம் வரக்கூடாதே என்று சரியான விடையே சொல்லுகிறார்கள்! தவறாகச் சொல்லுகிற பிள்ளையை அவள் முதன்முதலில் சந்திப்பது உண்மையான வகுப்பிலேதான்.

தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014ஆம் ஆண்டு விதிகள் ஓராண்டு பி.எட். படிப்பை ஈராண்டாக்கின. பள்ளிப் பயிற்சிக்குக் குறைந்தது 20 வாரம் என்றன. நல்ல ஏற்பாடு. ஆனால் வாரம் நீண்டால் போதுமா? வழிகாட்ட வேண்டிய ஆசிரியர் வகுப்பை ஒப்படைத்துவிட்டுத் திருத்தும் நோட்டுகளோடு ஓய்வறைக்குப் போனால்? பார்வையிட வருகிறவர் பத்து நிமிடம் உட்கார்ந்து அட்டையையும் பதிவேட்டையும் மட்டும் பார்த்தால்? பாடக்குறிப்பை எழுதி விற்கக் கடை முளைக்கும். படம் வரைந்து விற்க ஆள் கிடைப்பார். பாடம் பிள்ளைக்காக என்பது போய், பதிவேட்டுக்காக என்று ஆகும்.

முதல் வகுப்புக்கு நடுங்குகிற பெண்ணுக்குச் சொல்ல ஒரு வரலாறு உண்டு. ஆசிரியப் பயிற்சி பெற்ற சாவித்திரிபாய் பூலே, கணவர் ஜோதிராவுடன் சேர்ந்து 1848இல் புனேயில் பெண்களுக்குப் பள்ளி திறந்தார். அவர் வகுப்புக்கு நடந்து போன தெருவிலே சாணியும் சேறும் எறிந்தார்கள். மாற்றிக் கட்டிக்கொள்ள இன்னொரு புடவையைக் கையோடு கொண்டு போனார். பாடத்தோடு புடவையையும் தயாரித்துப் போன ஆசிரியை அவர்! தம்மேல் எறிகிறவர்களை நினைத்து நிற்கவில்லை; தமக்காகக் காத்திருக்கிற பிள்ளைகளை நினைத்து நடந்தார்.

மறுநாள் மாலை அண்ணன் வந்தார்.

"என்ன ஆச்சு அண்ணே?"

"அட்டையை விரிக்கவே இல்லையாம் தம்பி. எடுத்த உடனே ஒரு பொண்ணு, நாலிலே ஒண்ணுதான் பெரிசுன்னு சொல்லிச்சாம். ஏன்னு கேட்டுக் காத்திருந்தாளாம். அந்தப் பொண்ணு எழுந்து வந்து பலகையிலே வரைஞ்சு, தானே தப்பைக் கண்டுபிடிச்சுச்சாம். அதுக்குள்ளே வகுப்பே ரெண்டு கட்சியாப் பிரிஞ்சு வாதாடிச்சாம். மணி அடிச்சிடுச்சு. பாடம் பாதியிலே நிக்குது. பார்க்க வந்தவர், நேரப் பங்கீடு சரியில்லைன்னு எழுதிட்டுப் போயிட்டார்."

"பெண் அழுகிறாளா?"

"அழுதா. அப்புறம் சாப்பிட்டா. இப்போ நாளைக்கு வரப்போற தப்பையெல்லாம் எழுதிக்கிட்டிருக்கா."

தோழர்களே! செங்கல் சுமந்தும் தறி ஓட்டியும் மூட்டை தூக்கியும் படிக்கவைத்த நம் வீட்டுப் பெண்கள் இன்று கரும்பலகை முன்னே நிற்கிறார்கள். அவர்கள் எதிரே உட்கார்ந்திருப்பதும் நம் பிள்ளைகளே. "பயிற்சி டீச்சர்தானே" என்று உங்கள் பிள்ளை கேலி பேசினால் கண்டியுங்கள். சங்கத்திலும் கிளையிலும் மகள் பயிற்சிக்குப் போகும் தோழர் இருந்தால், அவள் பாடத்தை வீட்டுத் திண்ணையிலே ஒருமுறை நடத்தச் சொல்லுங்கள். தெருப் பிள்ளைகளை உட்கார வையுங்கள். தவறாகச் சொல்ல விடுங்கள். பள்ளி மேலாண்மைக் குழுவிலே பெற்றோருக்கு இடம் உண்டு. பயிற்சி ஆசிரியர் வகுப்பெடுக்கும்போது வழிகாட்டும் ஆசிரியர் கூட இருக்கிறாரா என்று அங்கே கேளுங்கள்.

அட்டை சுருட்டியபடியே இருக்கட்டும். பிள்ளையின் வாய் திறந்ததா என்று பாருங்கள். முதல் பாடம் பதிவேட்டுக்கு அன்று, பிள்ளைக்கு!