அளவு பிளவுஸும் ஆபரேஷன் தேதியும்

வண்ணாரப்பேட்டையில் பிளாஸ்டிக் சர்ஜரி என்று சொன்னால் சினிமா நடிகையின் மூக்கு நினைவுக்கு வராது, கைதான் வரும். பிரஸ் மெஷினில் விரல் மாட்டியவர், லேத்தில் சட்டைக் கை சுற்றிக்கொண்டவர், துறைமுகத்தில் பாரம் விழுந்து மணிக்கட்டு நசுங்கியவர் என்று தெருவுக்கு ஒருவர் இருப்பார். அவர்கள் போய்ச் சேர்ந்த இடம் பழைய ஜெயில் ரோட்டில் இருக்கும் ஸ்டான்லி அரசு மருத்துவமனை. 1970களின் தொடக்கத்தில் டாக்டர் ஆர். வெங்கடசாமி அங்கே கைக்கென்றே தொடங்கிய பிரிவு நாடு முழுக்கப் பேர் வாங்கியது. மின்விபத்தில் இரண்டு கைகளையும் இழந்திருந்த ஒருவருக்கு, மூளைச்சாவு அடைந்தவரின் கைகளை 2018இல் அங்கே பொருத்தினார்கள்.

போன கையைத் திரும்பக் கேட்பவரை ‘அழகு பார்க்கிறான்’ என்று இந்த வட்டாரத்தில் யாரும் சொன்னதில்லை. ஆனால் மார்பை எடுத்த பெண், அதைத் திரும்ப அமைக்க முடியுமா என்று கேட்டால், “உயிர் பொழச்சதே பெருசு, இந்த வயசுல அது எதுக்கு?” என்று அவள் வீட்டிலேயே வாயடைத்துவிடுகிறார்கள். அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

நான் டாக்டர் இல்லை. எம்.சி. ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் பிளவுஸ் தைக்கிறேன். எனக்கு இடது மார்பை எடுத்துச் சில வருடங்கள் ஆகின்றன. விஷயம் தெரிந்து ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூரிலிருந்தெல்லாம் பெண்கள் வருகிறார்கள். கடையில் ஆள் இருந்தால் துணி பார்ப்பதுபோல் நிற்பார்கள். எல்லோரும் போன பிறகு, “அக்கா, ஒரு பக்கம் மட்டும் கொஞ்சம் பஞ்சு வெச்சித் தெச்சித் தர்றியா?” என்பார்கள். இவர்களில் பலரிடம் ஆபரேஷனுக்கு முன்னால் யாரும் எதையும் கேட்கவில்லை. தேதி சொன்னார்கள், படுத்தார்கள், எழுந்தபோது ஒரு பக்கம் இல்லை.

ரிப்போர்ட்டில் புற்றுநோய் என்று வந்ததும், நாளைக்கே அறுத்து எறிந்துவிட வேண்டும் என்றுதான் எல்லோருக்கும் தோன்றும். பெரும்பாலான மார்பகப் புற்றுநோயில், எல்லாப் பரிசோதனையும் முடித்து யோசித்து முடிவெடுக்க ஓரிரு வாரம் ஆவதால் கெடுதல் இல்லை. பயந்தோ வெட்கப்பட்டோ மாதக்கணக்கில் தள்ளிப்போடுவதுதான் ஆளைக் கொல்கிறது. அந்த ஓரிரு வாரத்தில் கேட்க வேண்டிய முதல் கேள்வி: முழுசாக எடுத்துத்தான் ஆக வேண்டுமா?

1880களில் அமெரிக்காவில் வில்லியம் ஹால்ஸ்டெட் என்ற சர்ஜன் மார்போடு அடியிலிருக்கும் நெஞ்சுத் தசையையும் அக்குள் நெறிக்கட்டிகளையும் சேர்த்து எடுக்கத் தொடங்கினார். பல தலைமுறைப் பெண்களுக்கு அதுதான் நடந்தது. பிறகு பெர்னார்ட் ஃபிஷர் என்ற மருத்துவரின் குழு, 1,800க்கும் மேற்பட்ட பெண்களை 20 வருடம் பின்தொடர்ந்து, கட்டியை மட்டும் எடுத்துக் கதிர்வீச்சு கொடுத்தவர்களும் முழு மார்பை எடுத்தவர்களும் ஒரே அளவில்தான் உயிர் வாழ்ந்தார்கள் என்று 2002இல் காட்டியது. கட்டி பெரிதாக இருந்தாலும், முதலில் கீமோ கொடுத்துச் சுருக்கிவிட்டு மார்பைக் காப்பாற்ற முடிகிற பெண்கள் இருக்கிறார்கள். எல்லோருக்கும் இது பொருந்தாது. எனக்கு ஒரே மார்பில் வெவ்வேறு இடங்களில் கட்டி இருந்ததால் முழுசாகத்தான் எடுக்க வேண்டியிருந்தது.

எடுத்துத்தான் ஆக வேண்டும் என்றால், திரும்ப அமைப்பது பற்றிய பேச்சையும் கத்தி படுவதற்கு முன்பே பேசி முடிக்க வேண்டும். அமைப்பதா, அமைத்தால் அதே ஆபரேஷனிலா, சிகிச்சையெல்லாம் முடிந்த பிறகா? மேல்தோலை எவ்வளவு விட்டுவைப்பது, தழும்பு எங்கே விழுவது என்பதெல்லாம் இந்தப் பதிலைப் பொறுத்தது. உள்ளே துணி விடாமல் வெட்டிய பிளவுஸைப் பிறகு பிரித்து விடுவது எவ்வளவு கஷ்டம் என்று தைக்கிறவர்களுக்குத் தெரியும். பல வருடம் கழித்தும் மார்பை அமைக்கலாம். ஆனால் அப்போது தோலையும் வேறு இடத்திலிருந்து கொண்டுவர வேண்டி வரலாம். புற்றுநோய் சர்ஜனும் பிளாஸ்டிக் சர்ஜனும் முன்கூட்டியே கலந்து பேசுவார்களா என்று வாய்விட்டுக் கேளுங்கள்.

அமைப்பதற்கு இரண்டு பெரிய வழிகள் இருக்கின்றன. ஒன்று சிலிகான் பை. 1962இல் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் ஒரு பெண்ணுக்கு முதன்முதலில் வைத்தது. தோல் போதாவிட்டால் முதலில் ஒரு காலிப் பையை உள்ளே வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக ஊசி வழியே உப்புநீர் ஏற்றித் தோலை விரிய வைப்பார்கள். ஆபரேஷன் சிறியது, வேறு இடத்தில் தழும்பில்லை. ஆனால் அந்தப் பை ஆயுசுக்கும் வரும் என்று சொல்ல முடியாது, மாற்ற வேண்டி வரலாம். கதிர்வீச்சு பட்டால் பையைச் சுற்றியுள்ள சதை இறுகிக் கெட்டியாவது அதிகம்.

இன்னொன்று சொந்தச் சதை. முதுகுத் தசையைத் தோலோடு சுற்றி முன்பக்கம் கொண்டுவரலாம். அல்லது அடிவயிற்றுத் தோலையும் கொழுப்பையும் எடுத்து மார்பாக்கலாம். வயிற்றுச் சதையை முழுக்கத் துண்டித்து எடுத்தால், ஓரிரு மில்லிமீட்டர் தடிமனுள்ள அதன் ரத்தக்குழாய்களை மைக்ராஸ்கோப் வைத்து நெஞ்சிலுள்ள குழாய்களோடு தைக்க வேண்டும். துண்டான விரலை ஒட்டவைக்கும் அதே கைவேலைதான் இது. நம் ஊர் ஆண்களின் விரல்களுக்காக ஐம்பது வருடமாகப் பழகிய வித்தை. முடிய 6 முதல் 8 மணி நேரம் ஆகலாம், அதற்கு மேலும் போகலாம். சில சமயம் குழாய் அடைத்துக்கொண்டு அவசரமாகத் திரும்பத் திறக்க வேண்டியும் வரும். சுகர் கட்டுக்குள் இல்லாவிட்டால் புண் ஆறாது. வெற்றிலையோடு புகையிலை போடுகிற அக்காமார்கள் அதையும் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். புகையிலை ரத்தக்குழாயைச் சுருக்கிவிடும்.

ஒரு விஷயத்தை யாரும் முன்னாலேயே சொல்வதில்லை. புதிதாக அமைத்த மார்பில் பழைய உணர்ச்சி பெரும்பாலும் இருக்காது. காம்பைப் பிறகு தனியாக அமைப்பார்கள், அதைச் சுற்றியுள்ள கருவட்டத்தைப் பச்சை குத்துவதுபோல் நிறமேற்றுவார்கள். ஒரே ஆபரேஷனில் எல்லாம் முடிந்துவிடும் என்று நினைத்துப் போகாதீர்கள். முன்பு செய்தவர்களின் போட்டோவைக் காட்டச் சொல்லுங்கள். நன்றாக வந்தது, சுமாராக வந்தது இரண்டையும். அமைத்துக்கொள்வதால் நோய் திரும்பி வரும் என்ற பயம் மட்டும் வேண்டாம்.

நான் அமைத்துக்கொள்ளவில்லை. எனக்குக் கதிர்வீச்சும் இருந்தது, நாள் முழுக்க மெஷினில் குனிகிற முதுகிலிருந்து தசையை எடுக்கவும் மனசில்லை. என் கடைக்கு வரும் எண்ணூர்ப் பெண் ஒருத்தி வயிற்றுச் சதையில் அமைத்துக்கொண்டாள். குளிக்கும்போது குனிந்து பார்த்தால் தன் உடம்பு தன்னுடையதாகத் தெரிகிறது என்றாள். அவளுக்கு அது சரி, எனக்கு இது சரி. எங்கள் இரண்டு பேரிடமும் கேட்டுவிட்டுச் செய்தார்கள், அதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்.

மனசைத் தயார்செய்வது பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். ஆபரேஷனுக்கு முந்தின வாரம் கதவைச் சாத்திக்கொண்டு கண்ணாடியில் பார்த்தேன். பிள்ளைகளுக்குப் பால் கொடுத்த மார்பு. நன்றாக அழுதேன். “அழுவாதடி, ஆவாது” என்று அம்மா கதவைத் தட்டினாள். அழலாம், அதனால் ஒன்றும் ஆகாது. வீட்டுக்காரரிடம், “கட்டு பிரிக்கிற அன்னிக்கி நீ கூட இருய்யா. பாக்க முடியாதுன்னா இப்பவே சொல்லிடு, அங்க வந்து மூஞ்சத் திருப்பிக்காத” என்றேன். அவர் பதில் சொல்லவில்லை. ஆனால் அன்றைக்கு வந்து நின்றார், பார்த்தார். பிள்ளைகளிடமும் மறைக்காதீர்கள். ஒட்டுவாரொட்டி இல்லை, அம்மாவைக் கட்டிப் பிடிக்கலாம் என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும்.

காகிதங்களை முன்பே சேர்த்து வையுங்கள். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். மார்பை எடுப்பதற்கு மட்டுமா, அமைப்பதற்கும் உண்டா, இரண்டாம் கட்டத்துக்கு மறுபடி அனுமதி வாங்க வேண்டுமா என்று மருத்துவமனையின் காப்பீட்டு கவுன்டரில் தேதி குறிக்கும் முன்பே கேளுங்கள். அமெரிக்காவில் 1998லேயே சட்டம் போட்டார்கள்: மார்பை எடுக்கப் பணம் தரும் காப்பீடு, அதை அமைக்கவும் தர வேண்டும். அப்படி ஒரு உரிமை நம் பெண்களுக்கும் எழுத்தில் வர வேண்டும்.

வீட்டுக்கு வரும்போது நெஞ்சிலிருந்து ஒரு குழாயும் அதன் முனையில் டப்பாவும் தொங்கும். சேருகிற நீரை தினமும் ஒரே நேரத்தில் அளந்து நோட்டில் எழுத வேண்டும். நாளைக்கு 30 மில்லிக்கும் கீழே இறங்கினால் பொதுவாக எடுத்துவிடுவார்கள். அந்த டப்பாவைப் போட்டுக் கழுத்தில் மாட்டிக்கொள்ள, நாடா வைத்த ஒரு துணிப்பை தைத்துக்கொண்டேன். அது பெரிய உதவி. முன்பக்கம் ஜிப் வைத்த நைட்டி நாலைந்து வேண்டும். ஆபரேஷனுக்குப் போகும்போது மருதாணி, நெயில் பாலிஷ் வேண்டாம். அவை இருந்தால் விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவி சரியாகக் காட்டாமல் போகலாம். பருப்பு டப்பா, அரிசி டப்பாவை மேல் அலமாரியிலிருந்து இறக்கி வையுங்கள். தண்ணீர்க் குடம் தூக்க யார் வருவார்கள் என்பதை இப்போதே பேசி முடியுங்கள், லாரி வரும்போது அல்ல.

டாக்டர் சொன்ன நாளிலிருந்து சுவரில் விரலால் ஏறும் பயிற்சியை விடாதீர்கள். வலிக்கிறதென்று கையை மடக்கியே வைத்தால் தோள் பிடித்துக்கொள்ளும். கதிர்வீச்சுக்குக் கையைத் தலைக்கு மேல் தூக்கிப் படுக்க வேண்டும், அப்போது திண்டாட்டம். கதிர்வீச்சு வாரத்துக்கு ஐந்து நாள் வீதம் பல வாரம் நடக்கும். அதனால் தினமும் போய்வர முடிகிற இடமா என்று பாருங்கள். வண்ணாரப்பேட்டையில் மெட்ரோ ஏறினால் மண்ணடி, உயர் நீதிமன்றம், அடுத்தது சென்ட்ரல். பெரிய ஆஸ்பத்திரி எதிரிலேயே இருக்கிறது.

பிளவுஸுக்கு வருகிறேன். புண் ஆறும் வரை கனமில்லாத பஞ்சுப் பட்டைதான். ஆறிய பிறகு, டாக்டர் சரி என்றால், சிலிகானில் செய்த மார்பு வைத்துக்கொள்ளலாம். அதன் கனம் தோள் ஒரு பக்கம் சாயாமல் பார்த்துக்கொள்ளும். நூலில் பின்னிப் பஞ்சடைத்ததும் உண்டு, வெயிலுக்கு அது சுகம். லைனிங்குக்குள் ஒரு பை வைத்து, அதன் வாயை அக்குள் பக்கம் விட்டுத் தைப்பேன். அந்தப் பக்கக் கழுத்தை அரை இஞ்ச் ஏற்றுவேன். நெறிக்கட்டி எடுத்த கை வீங்கலாம் என்பதால் ஆர்ம்ஹோலையும் கையையும் லூசாக விடுவேன். அளவு பிளவுஸை மட்டும் ஆபரேஷனுக்கு முன்னால் கொண்டுவாருங்கள். இரண்டு பக்கத்தையும் அளந்து நோட்டில் எழுதி வைத்துக்கொள்கிறேன்.