களைச் செடியில் கார் டயர்!

பல்பு, கிராமபோன் என்றால் எடிசன் ஞாபகம் வரும். அவர் கடைசியாக மல்லுக்கட்டியது ஒரு களைச் செடியோடு என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

அதுதான் கோல்டன்ராடு. நம்ம சூரியகாந்திக் குடும்பம். அமெரிக்காவில் சாலையோரமெல்லாம் மஞ்சள் மஞ்சளாய்ப் பூத்துக் கிடக்கும்.

அந்த நாளில் அங்கே கார்கள் பெருகிவிட்டன. டயருக்கான ரப்பரோ மலாயா, இலங்கை போன்ற ஆசியத் தோட்டங்களிலிருந்து வரவேண்டும். தமிழ்த் தொழிலாளிகள் பால்வெட்டிய தோட்டங்கள்! போர் வந்து கப்பல் நின்றால்?

1927-ல் எண்பது வயது எடிசன், ஃபோர்டு, ஃபயர்ஸ்டோன் இருவரோடும் சேர்ந்து ஆராய்ச்சி தொடங்கினார். ரப்பர் மரம் பால் தர ஆறேழு வருஷம் ஆகும். அவருக்கு வேண்டியது ஒரே பருவத்தில் வளர்ந்து, மெஷினால் அறுக்கக்கூடிய பயிர். 17,000-க்கும் மேற்பட்ட செடி மாதிரிகளைச் சோதித்து இதைப் பிடித்தார். ரப்பர் இருப்பது இலையில். சுமார் 5 சதவீதம் இருந்ததைக் கலப்பினம் செய்து 12 சதவீதம் வரை ஏற்றினார்!

ஆனால் சரக்கு தேறவில்லை. இந்த ரப்பரின் மூலக்கூறுச் சங்கிலி குட்டை. அதனால் உறுதி குறைவு. 1931-ல் எடிசன் மறைந்தார். 1942-ல் மலாயா ஜப்பான் கையில் விழுந்தது. அவர் பயந்தது நடந்தே விட்டது. கைகொடுத்தது செயற்கை ரப்பர்தான்.

நண்பர்களே, அளவு கூடினால் போதாது, தரமும் தேறணும். லேபில் 'வேல்யூ வந்தாச்சு' என்று ரெக்கார்டை மூடுமுன் இதைக் கொஞ்சம் நினையுங்கள்!