கேனில் எழுதிய வீதமும் கல்லில் விழும் வீதமும்

அக்குறணையில் எனக்கு ஒரு ஹார்ட்வெயார் கடை. சீமெந்து, பெயின்ட், பைப் சாமான்களோடு திரவ குளோரின் கேன்களும் விற்கிறேன். முன்பெல்லாம் தரை கழுவவும் நீச்சல் தடாகத்துக்கும்தான் அதை வாங்குவார்கள். இப்போது வீட்டு முகப்பிலும் மதிலிலும் பதித்த கல்லைக் கழுவும் ஒப்பந்தக்காரர்களே எனது முக்கிய வாடிக்கையாளர்கள். எங்கள் பக்கத்து மழைக்கு எந்தக் கல்லும் இரண்டு வருடத்தில் கறுத்துவிடும். பிரஷர் மெஷினால் அடித்தால் கறுப்புப் போகும், கூடவே கல்லின் மேல்தோலும் இடுக்கில் பூசிய சாந்தும் போய்விடும். அதனால் ‘சொஃப்ட் வோஷ்’ என்ற முறைக்கு மாறியிருக்கிறார்கள். குளோரினைத் தண்ணீரிலும் கொஞ்சம் சோப்பிலும் கலந்து மெதுவாகத் தெளித்து, பத்துப் பதினைந்து நிமிடம் ஊறவிட்டு, சாதாரண ஹோஸ் தண்ணீரால் கழுவி விடுவது. அழுக்கை அகற்றுவது தண்ணீரின் வேகமல்ல, கலவைதான். ஆகவே கலவை பிழைத்தால் எல்லாம் பிழைக்கும்.

அது பிழைத்த கதையில் எனக்கும் பங்குண்டு.

2020இல் கொரோனா வந்தபோது ஊரெல்லாம் குளோரின் தேடியது. விலை ஏறும் என்று கணக்குப் போட்டு 40 கேன் இறக்கி, கடைக்குப் பின்னால் உள்ள தகரக் கொட்டிலில் அடுக்கினேன். பாதி விற்றது. மீதி 2021 நடுப்பகுதி வரை அப்படியே கிடந்தது. லேபலில் 12 வீதம் என்று இருந்தது. நானும் 12 வீதம் என்றே விற்றேன்.

கல் கழுவும் ஒரு தம்பி என்னிடம்தான் வாங்குவார். ஆரம்பத்தில் ஒரு பங்கு குளோரினுக்கு நான்கு பங்கு தண்ணீர் கலந்தார். கறுப்புப் போகவில்லை. மூன்று பங்காகக் குறைத்தார், பிறகு இரண்டு. கடைசியில் சரிக்குச் சரி கலந்தபோது வேலை நன்றாக நடந்தது. “நாநா, ஒண்டுக்கு ஒண்டு தான் சரி” என்று வந்து சொன்னார். நானும் தலையை ஆட்டினேன். அந்த வருடக் கடைசியில் புதுச் சரக்கு வந்தது. அதே லேபல், அதே 12 வீதம். தம்பி வழக்கம்போல ஒன்றுக்கு ஒன்று கலந்து, கட்டுகஸ்தோட்டைப் பக்கம் ஒரு ஹாஜியார் வீட்டு மதிலுக்கு அடித்தார். இந்தியாவிலிருந்து வந்த மஞ்சள் மணற்கல் பதித்த மதில் அது.

கறுப்பு ஐந்து நிமிடத்தில் போய்விட்டது. அடுத்த நாள் செவ்வரத்தை வேலி கருகியது. ஒரு கிழமைக்குள் கல்லில் துரு நிறத்தில் திட்டுத் திட்டாகக் கறை எழுந்தது. பிறகு வெள்ளையாக உப்புப் பூத்தது. அந்தக் கல்லில் இரும்புச் சத்து உண்டு. கடுமையான குளோரின் அதைத் துருவாக்கி விடுகிறது. கல்லுக்குள் இறங்கியது காயும்போது உப்பாக வெளியே வருகிறது. உப்பைத் திரும்பத் திரும்பக் கழுவிக் குறைக்கலாம். துருக்கறை அப்படிப் போவதில்லை.

நடந்தது இதுதான். கொட்டிலில் கிடந்த பழைய சரக்கின் சக்தி பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது. தம்பி ஒன்றுக்கு ஒன்று கலந்தபோது கல்லில் விழுந்தது இரண்டரை, மூன்று வீதம். புதுச் சரக்கில் அதே கலவை 6 வீதம். தம்பி அளவை மாற்றவில்லை, கேனுக்குள் இருந்த சாமான்தான் மாறியது. கல்லைத் திருத்த 80,000 ரூபா செலவாகும் என்றார்கள். பாதியை நான் கொடுத்தேன். கேன் பழையது என்று எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. பிஸ்கட்டுக்கும் பால்மாவுக்கும் திகதி பார்த்து விற்கும் நாம் குளோரினுக்குப் பார்ப்பதில்லை. அதுவோ சூட்டிலும் வெளிச்சத்திலும் கிடந்தால் தானாகவே செத்துக்கொண்டிருக்கும் சாமான். வெப்பம் 10 பாகை கூடினால் அது கெடும் வேகம் மூன்று மடங்குக்கு மேல் கூடும். தகரக் கூரைக்குக் கீழே கேட்கவும் வேண்டுமா?

இப்போது நான் ‘ஒன்றுக்கு மூன்று’ என்ற பேச்சையே கடையில் எடுப்பதில்லை. கல்லில் எத்தனை வீதம் விழவேண்டும் என்றே கேட்கிறேன். கணக்குச் சின்னது. வேண்டிய வீதத்தைக் கேனில் உண்மையாக உள்ள வீதத்தால் வகுத்து, மொத்த லீட்டரால் பெருக்கினால் போதும். 20 லீட்டர் டேங்கில் 1 வீதக் கலவை வேண்டுமானால் 10 வீதச் சரக்கில் 2 லீட்டர், 6 வீதமாக இறங்கிய சரக்கில் சுமார் மூன்றேகால் லீட்டர். மீதியெல்லாம் தண்ணீர்.

உண்மையான வீதத்தை அறிய ஆய்வுகூடம் தேவையில்லை. நீச்சல் தடாகத்துத் தண்ணீரைப் பார்க்கும் குளோரின் பட்டி விற்கிறார்கள், 10 பிபிஎம் வரை காட்டுவதை வாங்குங்கள். பாமசியில் 1 மில்லிலீட்டர் சிரிஞ்சும் ஒன்று வாங்குங்கள். வாளியில் 20 லீட்டர் சுத்தமான தண்ணீர் எடுத்து, கேனிலிருந்து சரியாக 1 மில்லிலீட்டர் விட்டுக் கலக்கிப் பட்டியை நனையுங்கள். 5 காட்டினால் சரக்கு 10 வீதம். 3 காட்டினால் 6 வீதம். வந்த எண்ணை இரண்டால் பெருக்கினால் வீதம். குழாய்த் தண்ணீரில் ஏற்கெனவே குளோரின் இருக்கும், ஆதலால் ஒரு நாள் வெயிலில் திறந்து வைத்துவிட்டுப் பாவிக்க வேண்டும். பட்டியின் நிறத்தைக் கண்ணால் மட்டிடுவதால் கொஞ்சம் முன்பின் ஆகும். ஆனாலும் 12க்கும் 5க்கும் உள்ள வித்தியாசம் தவறாது.

எந்தக் கல்லுக்கு எத்தனை? கருங்கல் தாங்கும், 1 வீதத்தில் தொடங்கி, கறுப்புத் தடித்திருந்தால் 2 வரை போகலாம். மணற்கல்லுக்கும் கபுக் கல்லுக்கும் அரை வீதத்துக்கு மேல் நான் சொல்வதில்லை. இரண்டும் உறிஞ்சும், இரண்டிலும் இரும்பு உண்டு. அதையும் மதிலின் பின்பக்கத்தில் ஒரு சாண் இடத்தில் அடித்து, ஒரு கிழமை பார்த்துவிட்டுத்தான் முன்பக்கம் வரவேண்டும். ஒப்பந்தக்காரர்களுக்கு இந்த ஒரு கிழமைதான் கசக்கிறது. கல்லோடு ஒட்டிப் படரும் சாம்பல் நிறப் படை ஒரே தடவையில் போகாது. அதற்காக வீதத்தைக் கூட்டாமல், சில நாள் விட்டு அதே கலவையை இன்னொரு முறை அடிக்கலாம். கலவை கல்லில் காயவே கூடாது, உச்சி வெயிலில் இந்த வேலை வேண்டாம். செடிகளை அடிப்பதற்கு முன்னும் பின்னும் தண்ணீரால் நனைக்க வேண்டும். அலுமினியக் கேட், பித்தளைப் பிடி இருந்தால் மூடிவிட வேண்டும். கைக்கு உறை, கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம்.

மேசன்மாரிடம் ஒரு பழக்கம் இருக்கிறது. குளோரினில் போகாத கறைக்கு டைல் கழுவும் அசிட்டை அதன் மேலேயே ஊற்றுவார்கள். இரண்டும் சேர்ந்தால் எழுவது நச்சு வாயு, மூச்சையே அடைக்கும். அசிட்டோ சீமெந்துச் சாந்தையும் மாபிளையும் தின்றுவிடும். என் கடையில் ஒரே ஆள் இரண்டையும் ஒன்றாகக் கேட்டால் எதற்கு என்று கேட்காமல் கொடுப்பதில்லை. சிலருக்குக் கோபம் வருகிறது.

கழிவு தருகிறேன் என்று சப்ளையர் சொன்னாலும் 40 கேன் இப்போது எடுப்பதில்லை. இரண்டு கிழமைக்குப் போதுமானதை மட்டும் எடுத்து, கொட்டிலில் இல்லாமல் கடைக்குள்ளேயே நிழலில் வைக்கிறேன். வந்த திகதியை மார்க்கரால் கேனிலேயே எழுதுகிறோம். ஒரு மாதம் தாண்டியதை வாளியில் பார்த்து, உள்ள வீதத்தை எழுதி அந்த விலைக்கு விற்கிறோம். கழிவைக் கணக்குப் பார்த்தால் ஒரு கேனில் கொஞ்சம் நட்டம்தான். அந்தத் தம்பி இன்னும் எங்களிடம்தான் வாங்குகிறார், வந்தவுடன் முதலில் கேனைத் திருப்பித் திகதியைப் பார்க்கிறார்.