முதல் கேமிங் கணினி: 3,000 வெள்ளியை எதில் போடுவது?

எஸ்.பி.எம். தேர்வு எழுதி முடித்த பிள்ளைகள் பலர் முடிவு வரும்வரை வீட்டில் சும்மா உட்கார்ந்திருப்பதில்லை. பெட்ரோல் நிலையம், மினி மார்க்கெட், தொழிற்சாலை, சாப்பாட்டுக் கடை என்று கிடைத்த வேலையில் சேர்ந்து நாலைந்து மாதச் சம்பளத்தைச் சேர்த்துவிடுகிறார்கள். ஒரு பகுதி வீட்டுக்கு, ஒரு பகுதி மேற்படிப்புக்கு. மீதியைக் கையில் வைத்துக்கொண்டு அவர்களில் பலர் தேடுவது ஒரு கேமிங் கணினி. சொந்த உழைப்பில் வாங்கும் முதல் பெரிய பொருள் பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கிறது.

"விளையாடுவதற்கா மூவாயிரம் வெள்ளி?" என்று அப்பா கேட்பதும் நியாயமே. ஆனால் நல்ல கேமிங் கணினி விளையாட்டோடு நிற்பதில்லை. பாலிடெக்னிக்கில் சேர்ந்த பிறகு வரைபட மென்பொருள் அதில்தான் ஓடும். திருவிழாவில் எடுத்த உறுமி மேளக் காணொளியை வெட்டி ஒட்டுவதற்கும் அதே கிராஃபிக்ஸ் கார்டு உதவும். பாகங்களைத் தவறாகத் தேர்ந்தெடுத்தால்தான் படிப்புக்கும் இல்லை, விளையாட்டுக்கும் இல்லை என்று ஆகிவிடும்.

தவறு பெரும்பாலும் விளம்பரத்திலேயே தொடங்குகிறது. கண்ணாடிப் பெட்டி, உள்ளே வண்ண விளக்குகள், கீழே "ஐ7, 16 ஜிபி, கேமிங் செட்" என்று ஒரு வரி. எந்தத் தலைமுறை ஐ7 என்பது அதில் இருக்காது. 2011-ல் வந்த ஐ7-2600-உம் ஐ7தான். 2022-ல் வந்த சாதாரண ஐ3-12100எஃப் அதைவிட வெகு வேகமானது. பெயரில் உள்ள 7 என்ற எண்ணைப் பார்த்துக் காசு கொடுப்பது, பதிவு ஆண்டைப் பார்க்காமல் கார் வாங்குவது போலத்தான். பவர் சப்ளை எந்த நிறுவனத்துடையது என்பதும் அந்த விளம்பரத்தில் இருக்காது. அதைப் பற்றித்தான் அதிகம் கேட்க வேண்டும். ஏன் என்பதைப் பின்னால் பார்ப்போம்.

கடைக்குப் போகும் முன் வீட்டிலேயே ஒரு முடிவு எடுத்துவிடலாம்: எந்த விளையாட்டு, எந்தத் திரை? வலோரண்ட், டோட்டா 2 போன்றவை எளிய கணினியிலும் ஓடக்கூடியவை. புதிதாக வரும் பெரிய கதை விளையாட்டுகள் அப்படியல்ல. திரையின் கணக்கும் இதில் சேர்கிறது. 1080பி திரையில் சுமார் 20 லட்சம் புள்ளிகள் இருக்கின்றன. 1440பி திரையில் சுமார் 37 லட்சம். ஒவ்வொரு நொடியும் அத்தனை புள்ளிகளையும் பல முறை வரைந்து முடிக்க வேண்டியது கிராஃபிக்ஸ் கார்டு. ஆகவே 3,000 வெள்ளிக்குள் வாங்குபவர் 1080பி திரையோடு நிற்பதுதான் புத்திசாலித்தனம். பணம் போதவில்லை என்றால் முதல் சில மாதங்களுக்கு வீட்டுத் தொலைக்காட்சியிலேயே எச்டிஎம்ஐ கம்பியை மாட்டி விளையாடலாம். அம்மா நாடகம் பார்க்கும் நேரம் தவிர.

பெட்டிக்குள் போகும் பாகங்களுக்கு மட்டும் 3,000 வெள்ளி என்று வைத்துக்கொண்டால், அதில் 1,100 முதல் 1,300 வரை கிராஃபிக்ஸ் கார்டுக்குப் போகலாம். ஏஎம்டியின் ஆர்.எக்ஸ். 7600, என்விடியாவின் ஆர்.டி.எக்ஸ். 4060 ஆகியவை 2023-ல் வந்தவை. இரண்டிலும் 8 ஜிபி நினைவகம் இருக்கிறது. 1080பி திரைக்கு இந்த வரிசை போதும். புதிய விளையாட்டு சிலவற்றில் படத் தரத்தை ஒரு படி குறைக்க வேண்டி வரலாம், அவ்வளவுதான். பணம் இன்னும் குறைவு என்றால் 2021-ல் வந்த ஆர்.எக்ஸ். 6600 இன்றும் கைவிடாது. விலை வாரத்துக்கு வாரம் மாறுவதால், வெள்ளிக் கணக்கை விட மொத்தத்தில் ஏறக்குறைய நாற்பது விழுக்காடு கிராஃபிக்ஸ் கார்டுக்கு என்ற விகிதத்தை மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

அடுத்தது ப்ராசஸர். ஆறு கோர் கொண்ட ரைசன் 5 5600 அல்லது இன்டெல் ஐ5-12400எஃப் இந்தக் கார்டுகளுக்குச் சரியான ஜோடி. அதற்கு மேல் செலவழிக்கும் ஒவ்வொரு வெள்ளியும் கிராஃபிக்ஸ் கார்டிலிருந்து பிடுங்கிய வெள்ளி. ரைசன் 5 5600 ஏஎம்4 என்ற பழைய வகை மதர்போர்டில் உட்காரும். ரைசன் 5 7500எஃப் போன்றவை 2022-ல் வந்த ஏஎம்5 வகை. ஏஎம்5 வகைக்குக் குறைந்தது 2027 வரை ஆதரவு தருவதாக ஏஎம்டி சொல்லியிருக்கிறது. அதாவது மூன்று ஆண்டு கழித்து ப்ராசஸரை மட்டும் மாற்றிக்கொள்ள வழி இருக்கும். ஏஎம்4 வகையில் அந்தப் பாதை முடியும் இடத்துக்கு வந்துவிட்டது.

சாதாரணக் காலமாக இருந்தால் ஏஎம்5 என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடலாம். ஆனால் அதற்கு டிடிஆர்5 ரேம் வேண்டும். செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்கள் நினைவகச் சில்லுகளை அள்ளிக்கொண்டதால் 2025 இறுதியில் ரேம் விலை தாறுமாறாக ஏறிவிட்டது. டிடிஆர்4 விலையும் கூடவே ஏறியது என்றாலும், டிடிஆர்4 பழையதாகக் கிடைக்கும். மாமா வீட்டில் பழுதான கணினி ஒன்று மூலையில் கிடந்தால் முதலில் அதைத் திறந்து பார்க்க வேண்டும். பெரிய மேசைக்கணினி ரேம் டிடிஆர்4 ஆக இருந்தால் அப்படியே கழற்றி ஏஎம்4 போர்டில் போடலாம். மடிக்கணினி ரேம் அளவில் சிறியது, பொருந்தாது. டிடிஆர்4 ரேம் டிடிஆர்5 துளையில் ஏறாது என்பதையும் மறக்கக்கூடாது. ரேம் தேய்கிற பொருள் அல்ல. பழையதாக வாங்க அஞ்ச வேண்டியதில்லை. மொத்தம் 16 ஜிபி வேண்டும் என்றால், 8 ஜிபி இரண்டாகப் போட வேண்டும். இரண்டு பாதையில் தரவு ஓடும்போது கணினி வேகம் கூடும். 16 ஜிபி ஒன்றைப் போட்டால் அந்த வசதி இல்லை.

எஸ்.எஸ்.டி. 1 டிபி இருந்தால் நல்லது. நூறு ஜிபிக்கு மேல் இடம் பிடிக்கும் விளையாட்டுகள் இப்போது சாதாரணம். பெட்டி காற்றோட்டமாக இருந்தால் போதும். முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி வைத்து மூடியதை விட வலைபோட்டது நம் ஊர் வெயிலுக்கு ஏற்றது.

இப்போது பவர் சப்ளை. பட்ஜெட் இடிக்கும்போது எல்லாரும் கை வைப்பது இதில்தான். கண்ணுக்குத் தெரியாத பாகம், விளையாட்டின் வேகத்தைக் கூட்டாத பாகம், ஆகவே அறுபது எழுபது வெள்ளியில் ஒன்று போதும் என்று நினைத்துவிடுகிறார்கள். ஆனால் மற்ற எல்லாப் பாகங்களுக்கும் மின்சாரம் இதன் வழியாகத்தான் போகிறது. தரமற்ற ஒன்று எரியும்போது தனியாக எரிவதில்லை. ஆயிரம் வெள்ளிக் கார்டையும் சேர்த்துக்கொண்டு போய்விடும்.

வெளியே "500 வாட்" என்று பெரிதாக எழுதியிருப்பதை நம்ப வேண்டாம். பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் அட்டவணையில் +12V என்ற கட்டத்தைப் பார்க்க வேண்டும். அங்கே எத்தனை ஆம்பியர் போட்டிருக்கிறதோ அதை 12-ஆல் பெருக்கினால் உண்மை வெளிவரும். 25 ஆம்பியர் என்றால் 300 வாட்தான். நல்ல 550 வாட் பவர் சப்ளையில் அது 45 ஆம்பியரை ஒட்டி, அதாவது 540 வாட் அளவில் இருக்கும். ஆர்.எக்ஸ். 7600 எடுப்பது 165 வாட், ரைசன் 5 5600-இன் அளவு 65 வாட். மற்றதெல்லாம் சேர்ந்தாலும் 300 வாட்டைச் சுற்றித்தான் வரும். எனவே உண்மையான 550 வாட் தாராளம். 750, 850 என்று போக வேண்டியதில்லை. "80 பிளஸ் பிரான்ஸ்" முத்திரை நல்லதுதான். ஆனால் அது மின்சாரம் எவ்வளவு வீணாகாமல் மாறுகிறது என்பதை அளக்கும் முத்திரை. பாதுகாப்புக்கான உத்தரவாதம் அல்ல. பேர் தெரிந்த நிறுவனமா, ஐந்தாண்டு வாரண்டி உண்டா என்று கேட்பது அதைவிட முக்கியம். பவர் சப்ளையைப் பழையதாக வாங்கவே கூடாது.

நம் நாட்டில் இன்னொரு காரணமும் சேர்ந்துகொள்கிறது. உலகில் மின்னல் அதிகம் வெட்டும் இடங்களில் மலேசியாவும் ஒன்று. பிற்பகல் மழை வந்தாலே இடியும் கூட வரும். சர்ஜ் புரொடெக்டர் உள்ள பிளக் பலகை வாங்குவது நல்லது. ஆனால் வீட்டில் எர்த் இணைப்பு சரியாக இல்லாவிட்டால் அதுவும் சரியாக வேலை செய்யாது. பழைய தோட்ட வீடுகளிலும், சொந்தமாக இழுத்துக் கட்டிய பின்கட்டுகளிலும் எர்த் கம்பி விட்டுப்போயிருக்கலாம். கணினிப் பெட்டியின் இரும்பை வெறுங்காலோடு தொடும்போது கையில் சுருசுருவென்று இருந்தால் எர்த் இல்லை என்று சந்தேகப்பட வேண்டும். அதற்கு மருந்து காலில் செருப்புப் போட்டுக்கொள்வது அல்ல. லைசென்ஸ் உள்ள வயர்மேனைக் கூப்பிட்டுக் காட்டுவதுதான். இடி நெருங்கும்போது சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, பிளக்கையே உருவிவிட வேண்டும். ரவுட்டரிலிருந்து வரும் இணையக் கம்பியையும் கழற்ற வேண்டும். மின்னல் அதன் வழியாகவும் வரும்.

பழைய கிராஃபிக்ஸ் கார்டு வாங்கலாமா? வாங்கலாம், கண்ணால் பார்த்து. 2022 செப்டம்பரில் இத்திரியம் நாணயம் தன் முறையை மாற்றிக்கொண்டபோது, அதுவரை இரவு பகலாக நாணயம் தோண்டிக்கொண்டிருந்த கார்டுகள் ஏராளமாகச் சந்தைக்கு வந்தன. தோண்டிய கார்டு எல்லாமே கெட்டது என்று சொல்ல முடியாது. விசிறி தேய்ந்திருக்கும், சூடு கடத்தும் பசை காய்ந்திருக்கும், அவற்றை மாற்றிக்கொள்ளலாம். அதைவிட மோசமானது போலிக் கார்டு. பத்தாண்டுக்கு முந்திய கார்டின் உள் மென்பொருளைத் திருத்தி, புதிய பெயர் காட்டும்படி செய்து விற்கிறார்கள். ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருள் இப்படிப்பட்ட பல போலிகளைக் காட்டிக்கொடுத்துவிடும். விற்பவர் வீட்டிலேயே கார்டை மாட்டி, அந்த மென்பொருளைத் திறந்து, அரை மணி நேரம் ஒரு விளையாட்டை ஓடவிட்டுப் பார்த்த பிறகே பணத்தைக் கொடுக்க வேண்டும். பெட்ரோல் நிலையத்தில் சந்தித்துக் கைமாற்றிக்கொள்ளலாம் என்பவரிடம் வாங்காமல் இருப்பதே நல்லது.

கையில் 1,500 வெள்ளிதான் என்றாலும் வழி இருக்கிறது. அலுவலகங்கள் கழித்துவிடும் கணினிகளைச் சுத்தம் செய்து விற்கும் கடைகள் பல ஊர்களில் இருக்கின்றன. அவற்றில் ஒன்றை வாங்கி, தனி மின்கம்பி கேட்காத 70 வாட் ஆர்.டி.எக்ஸ். 3050 6 ஜிபி கார்டைப் போட்டால் வலோரண்ட் வகை விளையாட்டுகள் நன்றாகவே ஓடும். பெட்டி மெல்லியதாக இருந்தால் கார்டின் குட்டையான வடிவத்தைக் கேட்டு வாங்க வேண்டும். இன்டெல் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தியதா என்று பார்ப்பதும் அவசியம். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. அதற்கு முந்திய தலைமுறைகளில் பெரும்பாலானவற்றை விண்டோஸ் 11 ஏற்காது.

ஒரு விஷயத்தைக் கடைக்காரர் சொல்ல மாட்டார். இணையம் தடுமாறினால் எந்தக் கார்டும் காப்பாற்றாது. ஃபைபர் வராத தோட்டத்தில் கைப்பேசி ஹாட்ஸ்பாட்டை நம்பி இணையச் சண்டை விளையாட்டு ஆடுபவர், கணினியைக் குறை சொல்வதற்கு முன் பிங் எண்ணைப் பார்க்க வேண்டும். விலை குறைந்த மதர்போர்டுகளில் வைஃபை இருக்காது. தனியாக வாங்கிச் செருக வேண்டி வரும். அதையும் முன்கூட்டியே கணக்கில் சேர்த்துக்கொள்வது நல்லது.

வாங்குவது புக்கிட் பிந்தாங் லோயாட் பிளாசாவில் என்றாலும், ஊர்க்கடையில் என்றாலும், இணையத்தில் என்றாலும், ஒவ்வொரு பாகத்தின் முழுப் பெயரும் ரசீதில் இருக்க வேண்டும். "இது ஸ்டாக் இல்லை, அதே மாதிரி இன்னொன்று போட்டுத் தருகிறோம்" என்பார்கள். மாற்றப்படுவது பெரும்பாலும் பவர் சப்ளையாகத்தான் இருக்கும். ஏமாற்றப்பட்டால், 5 வெள்ளி கட்டணத்தில் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் 50,000 வெள்ளி வரை கோரலாம். ரசீது இல்லாமல் அங்கே போய் நிற்பது கடினம். பணம் கொடுப்பது வரி கட்டும் பெற்றோர் என்றால், தனிநபர் கணினிக்கு 2,500 வெள்ளி வரையிலான வாழ்க்கைமுறை வரிக்கழிவில் இடம் உண்டு. அதற்கும் அதே ரசீதுதான் வேண்டும்.

வீட்டுக்கு வந்த முதல் நாள் மூன்று விஷயங்களைப் பார்க்க வேண்டும். திரையின் கம்பி மதர்போர்டில் அல்லாமல் கிராஃபிக்ஸ் கார்டில்தான் மாட்டியிருக்கிறதா? பயோஸ் அமைப்பில் எக்ஸ்எம்பி முடுக்கப்பட்டு ரேம் தன் முழு வேகத்தில் ஓடுகிறதா? 144 ஹெர்ட்ஸ் திரை வாங்கியவர்கள் விண்டோஸ் அமைப்பில் அதை மாற்றிவிட்டார்களா? மாற்றாமல் ஒரு வருடம் 60 ஹெர்ட்ஸிலேயே ஆடியவர்களும் உண்டு. கார்டும் போர்டும் வந்த அட்டைப்பெட்டிகளை அம்மா பழைய பேப்பர்காரரிடம் போடுவதற்குள் எடுத்து அலமாரி மேல் வைத்துவிட வேண்டும். வாரண்டிக்கு அனுப்பும்போது சில கடைகள் முதலில் கேட்பது அதைத்தான்.