நேசித்தவரைப் பார்த்து ஊளையிட்டார்கள்!

அமெரிக்காவில் இண்டியானா என்று ஒரு மாநிலம் இருக்கிறது. அதன் தலைநகர் இண்டியானாபொலிஸ். 2019-ம் ஆண்டு ஆகஸ்டு 24-ந்தேதி, சனிக்கிழமை இரவு. அந்த நகரின் லூகாஸ் ஆயில் மைதானத்தில் ஒரு கால்பந்து ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. உள்ளூர்க் குழுவான "கோல்ட்ஸ்", சிகாகோ நகரின் "பேர்ஸ்" குழுவை எதிர்த்து ஆடியது.

பெரிய ஆட்டம் அல்ல. பருவம் தொடங்குமுன் நடக்கும் ஒத்திகை ஆட்டம்தான். வெற்றியும் தோல்வியும் கணக்கில் சேராது. கோல்ட்ஸ் குழுவின் முதன்மை ஆட்டக்காரர் ஆண்ட்ரூ லக் அன்று ஆடவில்லை. காலில் வலி. சாதாரண உடையில் எல்லைக்கோட்டுக்கு அருகே நின்று தோழர்களோடு பேசிக்கொண்டிருந்தார்.

ஆட்டத்தின் கடைசிப் பகுதி. திடீரென்று மேலே இருந்த கூட்டத்தில் சலசலப்பு! ஆளுக்கு ஆள் செல்போனைப் பார்த்தார்கள். பக்கத்தில் இருந்தவரிடம் காட்டினார்கள். விளையாட்டுச் செய்தியாளர் ஒருவர் வெளியிட்ட செய்தி அது.

"ஆண்ட்ரூ லக் ஓய்வு பெறுகிறார்!"

லக்குக்கு அப்போது வயது 29. பருவத்தின் முதல் ஆட்டத்துக்கு இன்னும் 15 நாட்களே இருந்தன.

ஆட்டம் முடிந்தது. லக் உள்ளே போக நடந்தார். அப்போது மேலே இருந்து அந்தச் சத்தம் கேட்டது. ஊளைச் சத்தம்! எல்லோரும் ஊளையிடவில்லை. ஆனால் அவர் காதில் விழும் அளவுக்குப் பலர் ஊளையிட்டார்கள். அவருடைய 12-ம் எண் சட்டையை ஆசையாக வாங்கி அணிந்த ஊர் அது.

தேங்காய் போன்ற பந்து

நம் ஊரில் கால்பந்து என்றால் காலால் உதைக்கும் ஆட்டம். அமெரிக்காவில் அந்தப் பெயரில் நடப்பது வேறு ஆட்டம். பந்து உருண்டையாக இராது. உரிக்காத தேங்காயைப் போல நீண்டிருக்கும். அதைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடலாம், எறியலாம். பக்கத்துக்கு 11 பேர். பந்தை வைத்திருப்பவரை எதிராளிகள் பாய்ந்து மடக்கிக் கீழே தள்ளுவார்கள். நம்முடைய சடுகுடுவில் பிடிப்பதைப் போலத்தான். ஆனால் பிடிக்க வருபவர்களில் பலர் 100 கிலோவுக்கு மேல் எடை உள்ளவர்கள். ஓடிவந்து மோதுவார்கள்.

இந்த ஆட்டத்தில் "குவார்ட்டர்பேக்" என்று ஒருவர் உண்டு. குழுவின் மூளை அவர். பந்து முதலில் அவர் கைக்கு வரும். யாருக்கு எறிவது என்பதை இரண்டு மூன்று வினாடிகளில் அவர் முடிவு செய்ய வேண்டும். அதற்குள் அவரைச் சாய்க்க எதிராளிகள் பாய்வார்கள்.

லக் அந்த இடத்தில் ஆடியவர். அவருடைய தந்தையும் அதே இடத்தில் ஆடியவர்தான். மகன் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் கட்டிட வடிவமைப்புப் படித்துப் பட்டம் பெற்றார். 2012-ல் நாட்டிலேயே முதல் ஆளாகத் தேர்ந்தெடுக்கப்பட்டுக் கோல்ட்ஸ் குழுவுக்கு வந்தார்.

அவர் வருவதற்கு முந்திய பருவத்தில் அந்தக் குழு ஆடியது 16 ஆட்டம், வென்றது 2. புகழ்பெற்ற பெய்டன் மேனிங் கழுத்து வலியால் ஆட முடியாமற்போன ஆண்டு அது. பிறகு மேனிங்கைக் குழு விடுவித்துவிட்டது. ஊரே சோர்ந்திருந்தது. லக் வந்தார். முதல் மூன்று பருவங்களிலும் பருவத்துக்கு 11 வெற்றி!

2014 ஜனவரி 4-ந்தேதி நடந்ததை இண்டியானாபொலிஸ்காரர்கள் இன்னும் சொல்வார்கள். கான்சாஸ் சிட்டி குழுவுடன் ஆட்டம். ஒரு கட்டத்தில் கோல்ட்ஸ் 28 புள்ளிகள் பின்தங்கியிருந்தது. பிறகு எழுந்தது. தோழர் ஒருவர் கைநழுவவிட்ட பந்தை லக்கே பொறுக்கி எடுத்துப் பாய்ந்து எல்லையில் சேர்த்தார். முடிவில் 45-க்கு 44 என்று கோல்ட்ஸ் வென்றது.

குணத்திலும் அவர் வேறு மாதிரி. தன்னை இடித்துத் தள்ளிய எதிராளியைப் பார்த்து, "நல்ல அடி!" என்று பாராட்டுவார். அடித்தவர் திகைத்துப் போவார்! நிறையப் புத்தகம் படிப்பார். பிறரும் படிக்கட்டும் என்று 2016-ல் வாசகர் சங்கம் ஒன்றையும் தொடங்கினார்.

கைதட்டலுக்கு நடுவே

அடி மட்டும் ஓயவில்லை. 2015-ல் பந்தெறியும் தோளில் காயம். விலா எலும்பின் குருத்தும் கிழிந்தது. அதே ஆண்டு நவம்பர் 8-ந்தேதி டென்வர் குழுவுடன் ஆட்டம். அந்தக் குழுவுக்கு அன்று ஆடியவர் பழைய பெய்டன் மேனிங்! லக் பந்தோடு ஓடியபோது பலமான அடி விழுந்தது. அவர் வெளியேறவில்லை, கடைசிவரை ஆடினார். கோல்ட்ஸ் 27-க்கு 24 என்று வென்றது. மைதானம் கைதட்டி ஆர்ப்பரித்தது.

பிறகுதான் தெரிந்தது. அந்த அடியில் அவருடைய சிறுநீரகம் கிழிந்திருந்தது! வயிற்றுத் தசையும் கிழிந்திருந்தது.

அன்று கைதட்டியதும், நான்கு ஆண்டுகள் கழித்து ஊளையிட்டதும் ஒரே மைதானம்.

2016-ல் தோள் வலியோடே ஆடினார். 2017 ஜனவரியில் அறுவைச் சிகிச்சை. அந்த ஆண்டு ஓர் ஆட்டம்கூட ஆட முடியவில்லை. சிகிச்சைக்காக நெதர்லாந்து நாட்டுக்குப் போனார். 2018-ல் திரும்பி வந்தார். எப்படி வந்தார்! 39 முறை பந்தெறிந்து புள்ளி சேர்த்தார். மீண்டு வந்த வீரருக்கான பரிசு அவருக்கே கிடைத்தது. அடுத்த ஆண்டு கோப்பை நமக்குத்தான் என்று ரசிகர்கள் கணக்குப் போட்டார்கள்.

கணக்கில் சேராதது அவருடைய கால். 2019 கோடையில் கெண்டைக்காலிலும் கணுக்காலிலும் வலி வந்தது. போகவே இல்லை.

நள்ளிரவுப் பயணம்

ஓய்வுச் செய்தியை ஞாயிற்றுக்கிழமை முறையாகச் சொல்வதாகத்தான் ஏற்பாடு. செய்தி முந்திக்கொண்டது. ஆகவே அன்றிரவே லக் பத்திரிகையாளர்கள் முன் வந்து நின்றார். கண் கலங்கியது. காயம், வலி, சிகிச்சை, மீண்டும் காயம் என்று நான்கு ஆண்டுகளாகச் சுற்றிக்கொண்டே இருப்பதாகச் சொன்னார். ஆட்டத்தில் இருந்த மகிழ்ச்சியை இது பறித்துவிட்டது என்றார். வலியோடு ஆடும் பாதையில் இனிப் போவதில்லை என்று 2016-க்குப் பிறகு தமக்குத் தாமே உறுதி செய்துகொண்டதையும் சொன்னார். ஊளைச் சத்தம் கேட்டதா என்று கேட்டார்கள். கேட்டது, மனம் புண்பட்டது என்று ஒப்புக்கொண்டார்.

ரசிகர்கள் பக்கமும் ஏதோ நியாயம் இருக்கத்தான் செய்தது. பருவம் முழுவதற்கும் சீட்டு வாங்கிவிட்டார்கள். நேற்றுவரை நம்பியிருந்தார்கள். வீட்டுப் பெரியவர் சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிவிட்டதைப் போல இருந்தது அவர்களுக்கு. அதுவும் அவர் கண்ணெதிரே நிற்கும்போது, வேறு யாரோ சொல்லித் தெரிந்துகொள்வதென்றால்? முதல் ஐந்து நிமிடத்துக் கோபத்தை மன்னித்துவிடலாம். ஆனால் கிழிந்த சிறுநீரகத்தோடு தங்களுக்காக ஆடியவர் என்பது அந்தக் கூட்டத்துக்குத் தெரியாததல்ல. அதை ஐந்து நிமிடம் மறந்ததுதான் தவறு.

சொல்லாமல் போவதைப் பற்றிப் பேசினால் இன்னொரு கதையையும் சொல்ல வேண்டும். கோல்ட்ஸ் முதலில் இண்டியானாபொலிஸ் குழு அல்ல. பால்டிமோர் நகரத்தின் குழு. 1984 மார்ச் 28-ந்தேதி இரவு, கொட்டும் பனியில், சாமான்களை லாரிகளில் ஏற்றிக்கொண்டு ஊரை விட்டுப் போய்விட்டார் அன்றைய உரிமையாளர். விடிந்தபோது பால்டிமோர் ரசிகர்களுக்குக் குழுவே இல்லை! 2019-ல் கோல்ட்ஸ் குழுவின் உரிமையாளராக இருந்த ஜிம் அர்சே, அந்த உரிமையாளரின் மகன். பால்டிமோரில் அந்தக் குழுவுக்கு வாத்தியம் வாசித்தவர்கள் மட்டும் கலையவில்லை. குழு இல்லாமலேயே ஆண்டுக்கணக்கில் வாசித்துவந்தார்கள். 1996-ல் ஊருக்கு வேறொரு குழு வந்த பிறகும் வாசித்தார்கள்.

பணம் வந்த பிறகு ஓடிவிட்டார் என்றும் சிலர் பேசினார்கள். 2016-ல் அவர் செய்துகொண்ட ஒப்பந்தம் ஆறு ஆண்டுகளுக்குச் சுமார் 14 கோடி டாலர். அதில் மிச்சமிருந்த ஆண்டுகளின் சம்பளத்தை விட்டுவிட்டுத்தான் போனார். முன்பணத்தில் ஒரு பகுதியைத் திரும்பக் கேட்கும் உரிமை குழுவுக்கு இருந்தும் கேட்கவில்லை என்று பத்திரிகைகள் எழுதின. அவர் உடம்பு பட்ட பாடு குழுவுக்குத் தெரியும்.

அவர் இடத்துக்கு ஆள் கிடைப்பது எளிதாக இல்லை. 2019 முதல் 2023 வரை ஐந்து பருவங்களின் முதல் ஆட்டத்திலும் அந்த இடத்தில் நின்றவர்கள் ஐந்து வெவ்வேறு பேர்.

லக் நெடுநாள் வெளியே தலைகாட்டவில்லை. பிறகு மறுபடியும் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் சேர்ந்து கல்வியியல் படித்தார். பள்ளிக்கூடப் பையன்களுக்கு ஆட்டம் சொல்லிக் கொடுத்தார். 2024 நவம்பரில் அதே பல்கலைக்கழகம் அவரைத் தன் கால்பந்துக் குழுவின் பொது மேலாளராக நியமித்தது. நிதி திரட்டுவதும் ஆட்டக்காரர்களைக் கவனிப்பதும் அவர் பொறுப்பு. மைதானத்துக்கு வரும் ரசிகர்களின் வசதியைக் கவனிப்பதும் அவர் பொறுப்புத்தான்.